உயர்கல்வி நிதி ஆய்வு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை தபாலில் போகும். முகவரி மாறியவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். மாணவர் கட்டுரைப் போட்டியில் பரிசுகள் வழங்கப்பட்டன. நூலக அலமாரிக்குப் புதிய பூட்டு போடப்பட்டது.

இனி, தாக்கக் கணக்குத் தாள், அதாவது பல்கலைக்கழகத்துக்குத் தரும் பொதுப்பணத்தால் என்ன பலன் என்று கணக்கிட நாம் எழுதிவரும் தாள். இதை "செயலாளரின் சொந்த வேலை" என்று சிலர் சொல்வதாகக் காதில் விழுந்தது. பொதுக்குழுத் தீர்மானத்தின்படி எடுத்த வேலை இது என்பதை நினைவூட்டிவிட்டு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசு மானியம் கேட்கும் பல்கலைக்கழகங்கள் அடிக்கடி ஒரு பொருளாதாரத் தாக்க அறிக்கையை இணைக்கின்றன. ஒன்று கொடுத்தால் மூன்றாகத் திரும்பும் என்பதுதான் பெரும்பாலும் அதன் சாரம். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று எவரும் பிரித்துப் பார்க்க உதவுவதே நம் தாளின் நோக்கம்.

ஒரு பாவனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மானியம் 100. சம்பளம் 65, ஓய்வூதியம் 15, மின்சாரமும் பராமரிப்பும் 10, கருவிகளும் ஆய்விதழ்ச் சந்தாவும் 10. கடைசிப் பத்து அநேகமாக முழுதும் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும். அதை முதலில் அடித்துவிடுங்கள். சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்த 80-இல் வரி, சேமிப்பு, கடன் தவணை என்று 30 கழிந்தால் மிச்சம் 50. அதில் 30 உள்ளூரில் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பில் உள்ளூர் ஆட்களுக்குப் போவது 6. ஆக, முதல் சுற்றில் ஊருக்குள் வருவது 36. ஒவ்வொரு சுற்றிலும் 30 சதவீதம் உள்ளூரில் தங்கினால், எல்லாச் சுற்றுகளையும் கூட்ட, 36-ஐ 0.7-ஆல் (1-இல் 0.3 போக மிச்சம்) வகுக்க வேண்டும்: 51 சொச்சம். அறிக்கையில் 300 என்று இருந்தது இங்கே 51 ஆகிறது.

300 எப்படி வருகிறது? வழக்கமான வழிகள் மூன்று. பல்கலைக்கழகத்தின் மொத்தச் செலவை ஒரு முறை எழுதிவிட்டு, அதே பணத்தை ஊழியர் குடும்பச் செலவு என்ற தலைப்பில் மறுபடி கூட்டுவது முதல் வழி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மாணவர், கல்லூரி இல்லாவிட்டாலும் அங்கேதான் செலவழித்திருப்பார். அவர் செலவையும் சேர்ப்பது இரண்டாவது. மானியமாக வந்தது யாரோ கட்டிய வரி என்பதையும், அந்தப் பணம் மருத்துவமனைக்கோ சாலைக்கோ போயிருந்தாலும் இதே சுற்றுகள் நடந்திருக்கும் என்பதையும் மறந்துவிடுவது மூன்றாவது. மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதை மட்டும் காட்டி நிதி கேட்டால், கேட்பவர் தோற்பார். கேட்க வேண்டிய காரணம் இதுவல்ல என்பதே தாளின் இரண்டாம் பகுதி.

பல்கலைக்கழகத்தின் மதிப்பு அது செலவழிப்பதில் இல்லை, வெளியே அனுப்பும் ஆட்களிலும் அறிவிலும் இருக்கிறது. இதையும் கவனமாகத்தான் அளக்க வேண்டும். பட்டதாரியின் சம்பளத்துக்கும் மற்றவர் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் கல்வியின் கணக்கில் எழுதக் கூடாது. குடும்பப் பின்னணியும் திறமையும் அதில் கலந்திருக்கும். கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு மயிரிழையில் மேலே வந்து இடம் பெற்றவரையும், மயிரிழையில் தவறவிட்டவரையும் ஒப்பிடுவது நல்ல வழி. ஊர்களுக்கும் இதே உத்தி உண்டு. அமெரிக்காவில் கல்லூரி அமைக்க இறுதிவரை போட்டியிட்டுத் தோற்ற ஊர்களை, கல்லூரி கிடைத்த ஊர்களோடு ஒப்பிட்டுக் காப்புரிமைகளை எண்ணியிருக்கிறார்கள். கிடைத்த ஊர்களில் கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதலில் பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் நேரடியாகப் பெற்றது சிறு பங்கே. பெரும்பகுதி, அந்த ஊருக்குக் குடியேறி வந்தவர்களுடையது. 78 நாடுகளின் சுமார் 1,500 வட்டாரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் வலேரோ, வான் ரீனன் இருவரும், தலைக்கு இத்தனை பல்கலைக்கழகம் என்ற விகிதம் 10 சதவீதம் உயர்ந்த இடங்களில் பின்னாளில் தனிநபர் உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். சிறிய எண்தான். ஆனால் நிலைத்து நிற்கும் எண்.

காலதாமதம்தான் இதில் பெரிய சிக்கல். அமெரிக்காவில் 1862-இல் மோரில் சட்டம் நிலம் கொடுத்துக் கல்லூரிகளைத் தொடங்க வைத்தது. வேளாண் ஆய்வு நிலையங்களுக்குப் பணம் தந்த ஹேட்ச் சட்டம் 1887-இல்தான் வந்தது. ஆய்வு முடிவை உழவர் வாசலுக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்கான ஸ்மித்-லீவர் சட்டம் 1914-இல். மூன்றும் சேர்ந்த பிறகே ஏற்பாடு முழுமை அடைந்தது. கட்டடம் கட்டியவுடன் பலனைக் கேட்கும் நிதித்துறைக்கு இதைக் காட்டலாம். விஞ்ஞானிகள் கரிகோவும் வைஸ்மனும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எம்ஆர்என்ஏ குறித்துச் செய்த முக்கிய ஆய்வு 2005-இல் வெளியானது. அதை அடிப்படையாகக் கொண்ட கொரோனா தடுப்பூசி 2020-இல், நோபல் பரிசு 2023-இல். 2005-க்கு முந்தைய ஆண்டுகளில் கரிகோவுக்கு ஆய்வு மானியம் பலமுறை மறுக்கப்பட்டிருந்தது.

வெட்டு எப்படித் தெரியவரும் என்பதைத் தாளின் மூன்றாம் பகுதி சொல்கிறது. மானியம் குறைந்ததும் பொதுவாக யாரையும் உடனே வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள். முதலில் பராமரிப்பு நிற்கும், பிறகு ஆய்விதழ்ச் சந்தா, பிறகு காலிப் பணியிடம் நிரப்புவது. அந்த இடத்தில் தொகுப்பூதிய விரிவுரையாளர் வருவார். சுயநிதிப் படிப்புகள் பெருகும். தேர்வுக் கட்டணம் ஏறும். ஓய்வூதியமும் பல்கலைக்கழகத்தின் தலையில் விழும் இடங்களில், வகுப்பறையில் ஆசிரியர் குறையக் குறைய ஓய்வூதியச் செலவு ஏறும் விசித்திரத்தையும் பார்க்கலாம். ஆகவே வரவு செலவுத் திட்டத்தைப் பார்ப்பவர்கள் மொத்தத் தொகையோடு நிற்காமல், அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பிய பணியிடம், பராமரிப்பு ஆகிய மூன்று கணக்குகளை ஐந்தாண்டுக்கு எழுதிப் பாருங்கள். அறிவித்த தொகைக்கும் விடுவித்த தொகைக்கும் உள்ள இடைவெளியும் முக்கியம். கடைசித் தவணை நிதியாண்டு முடியும் தறுவாயில் வந்தால் அவசர அவசரமாகக் கருவி வாங்குவார்கள். அது பெட்டி பிரிக்காமல் கிடக்கும். பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமாகும், அதைக் காட்டியே அடுத்த தவணை நிறுத்தப்படும்.

கட்டணத்தை மாணவர் தலையில் வைத்தால் அரசுக்கு மிச்சம் என்பாருக்கு இங்கிலாந்து ஒரு பாடம். 1998-இல் 1,000 பவுண்டாக இருந்த ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 2012-இல் 9,000 ஆனது. மாணவர் கட்டுவதற்கு அரசே கடன் கொடுத்தது. அப்போதைய விதிப்படி 30 ஆண்டில் தீராத பாக்கி தள்ளுபடி. இந்தக் கடனில் திரும்பி வராத பகுதியைக் கடன் கொடுக்கும்போதே அரசுச் செலவாகக் காட்ட வேண்டும் என்று 2018-இல் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் முடிவு செய்தது. செலவு எங்கும் போய்விடவில்லை, கணக்கில் வேறு பக்கத்தில் இருந்தது.

தாளின் நான்காம் பகுதி, அதாவது ஆய்வு மானியங்களில் மேற்செலவு (நிர்வாகம், கட்டடம், மின்சாரம் போன்ற பொதுச் செலவு) எவ்வளவு என்பது, இன்னும் எழுதப்படவில்லை. அதை ஏற்ற உறுப்பினர்கள் மார்ச் கூட்டத்தில் கைதூக்கினார்கள்; அதன்பின் கையையும் காணோம், ஆளையும் காணோம். வட்டத்தின் ஆண்டறிக்கைக் கோப்புகள் சிலவும் அவர்களோடு போயிருக்கின்றன. இன்னொரு செய்தி: கூட்டத்துக்கு வருபவர்கள் எப்போதும் அதே முகங்கள்தான். தேநீர் இடைவேளைக்குச் சரியாக வந்து சேருபவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வரவு செலவு: சென்ற ஆண்டு இருப்பு, சந்தா, ஒரு நன்கொடை ஆகியவை வரவு. அச்சு, தபால், அரங்க வாடகை முதலியவை செலவு. கையிருப்பு சிறிதளவு உண்டு. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா பாக்கி, சிலர் இரண்டாண்டாக. பொதுப்பணம் தராமல் பொதுப்பலன் எடுப்பது பற்றி இந்த மேடையில் மிக அருமையாகப் பேசியவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

அரங்கம் தந்தவர்களுக்கும், தாளை இலவசமாகத் தட்டச்சு செய்து தந்த மாணவர்களுக்கும், தணிக்கையாளருக்கும், ஒத்துழைத்த செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தாளை அச்சிட்டு மாணவர் அமைப்புகளுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்ப எண்ணம். இப்போதைய இருப்பு அட்டைக்குக் காணும், உள்பக்கங்களுக்குக் காணாது. செயலாளர் பொறுப்பிலும் என் காலம் முடிகிறது. வேறு எவரேனும் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயார். எவரும் முன்வராவிட்டால், நான்காம் பகுதியை எழுத இருவரும், பாக்கி வசூலுக்கு ஒருவரும் பெயர் கொடுத்தால் மட்டும் தொடர்வதைப் பற்றி யோசிக்கலாம். பொருளாளர் பின்வரிசையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்