பூட்டிக் கெடக்க வீட்டுல பாதியாவது வாடகைக்கு வரணும்: கன்னியாகுமரி கலெக்டருக்கு ஒரு மனு

அனுப்புநர்
ஜவுளிக்கடை ஊழியர், வாடகை வீடு,
கிருஷ்ணன்கோவில், நாகர்கோவில்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பொருள்: கம்மி சம்பளக்காரங்களுக்கு கட்டுபடியாகுற வாடகையில வீடு கெடைக்கவும், அட்வான்ஸ் பணத்துக்கு உதவி கெடைக்கவும் வழி பண்ணச் சொல்லி.

மதிப்பிற்குரிய கலெக்டர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மீனாட்சிபுரத்துல ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ்ல நிக்கேன், சம்பளம் மாசம் 12,000. அம்மா, எட்டாங்கிளாஸ் படிக்க மவ, நான், மூணு பேரும் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு லைன் வீட்ல 4,500 ரூபாய் வாடகைக்கு இருக்கோம், கரண்ட் தனி, தண்ணி தனி. பழைய ஓட்டு வீடு, நம்ம ஊர்ல ஆனி ஆடியிலயும் மழை ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, ரெண்டு தடவையும் அடுப்புக்கு நேர் மேல ஒழுகும், சட்டியத் தூக்கிட்டு கட்டில் பக்கம் வந்து சமைப்போம். அத நான் குறையா சொல்ல வரல. இப்போ ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாரு, லைன இடிச்சுட்டு காலேஜ் பிள்ளைகளுக்கு ரூம் ரூமா கட்டி விடப் போறாராம், ஆளுக்கு இவ்வளவுன்னு தலைய எண்ணி வாங்கலாம்லா. அவரு வீடு, அவரு இஷ்டம். என் கஷ்டம் என்னன்னா இத விட்டா இந்த டவுன்ல எனக்கு அடுத்த வீடு அமைய மாட்டேங்குது.

வடசேரி, ஒழுகினசேரி, கோட்டாறு, இடலாக்குடி, வெட்டூர்ணிமடம்னு எங்க கேட்டாலும் ஒரு ரூமு ஒரு அடுக்களைக்கே ஆறாயிரம், ஏழாயிரம்னு சொல்லுதாங்க. அதயாவது வாயக்கட்டி வயித்தக்கட்டி குடுத்துரலாம்னு வச்சாலும் அட்வான்ஸ் அம்பதாயிரம் கேக்காங்க, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை தனி. இல்லன்னா ஒத்திக்கு எடுத்துக்கிடுங்கம்மா, நாலு லட்சம் குடுத்துட்டா மாச வாடகையே வேண்டாம்னு பெரிய உபகாரம் பண்ற மாதிரி சொல்லுதாங்க, நாலு லட்சம் கையில இருக்கவ எதுக்கு ஒழுகுற வீட்ல கெடக்கா?

பைசா மட்டும்னா கூட பரவாயில்ல. வாசல்லயே வச்சு எத்தன பேரு இருக்கீங்க, ஆம்பிள ஆளு இல்லியா, நீங்க எந்த ஆளுக்க, எந்த கோயிலுக்கு போவீங்க, மீன் வைப்பீங்களான்னு வரிசையா கேள்வி. எங்க வீட்டு ஆளு எறந்து போயிட்டாருன்னு சொன்ன உடனே மூஞ்சி மாறிரும், அந்த வீடு நமக்கு இல்லன்னு அப்பவே தெரிஞ்சிரும். கொளச்சலும் முட்டமும் பக்கத்துல இருக்க ஊர்ல மீன் வைக்கக் கூடாதுன்னா மனுசன் என்னத்தத்தான் திங்கது.

தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் போனா வாடகை கொறையும், டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் கெடையாது, போலாமேன்னு நீங்க கேக்கலாம். கடை சாத்தி நாங்க வெளிய வர்றதுக்கு ராத்திரி ஒன்பதரை ஆவும், அதுக்கு மேல பஸ் எப்ப வரும் வராதுன்னு வடசேரி ஸ்டாண்டுல நிக்கணும். மவளுக்கு ஸ்கூல மாத்தணும், அம்மாவுக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மாசாமாசம் சுகர் மாத்திர வாங்கணும். வாடகையில மிச்சம் பிடிக்கது ஆட்டோவுக்குப் போயிரும்.

இனி சொல்லப் போறதுதான் முக்கியமான விசயம், இதுக்குத்தான் இந்த மனு. நாகர்கோவில்ல வீடே இல்லன்னு சொன்னா அது பொய். எங்க தெருவுலயே ரெண்டு மூணு வீடு வருசக்கணக்கா பூட்டிக் கெடக்கு. ஒரு வீட்டுக்காரங்க துபாய்ல, இன்னொருத்தங்க பெங்களூர்ல மவன் கூட. அந்த துபாய் வீட்ல கேட்டு துருப்பிடிச்சு கம்பி தனியா வந்துட்டு, முற்றத்துல தேங்கா விழுந்து அங்கனயே மொளச்சு நிக்கது, மாடியில பால்கனி கதவு காத்துக்கு அடிச்சுக்கிட்டே இருக்கும். பார்வதிபுரம் பக்கமும் இதே மாதிரி நெறைய உண்டு, வெளிநாட்டுப் பைசாவுல கட்டி பால் காச்சிட்டுப் போனவங்க வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. அந்த துபாய் வீட்டப் பாத்துக்கிடுத அவங்க சொந்தக்காரர்ட்ட நான் நேராவே கேட்டேன், எங்களுக்குத் தரலாமே, வீடும் நல்லா கெடக்கும்லான்னு. அதுக்கு அவரு, குடியேத்திட்டா எறக்க முடியாதும்மா, நாளைக்கு கேஸு கோர்ட்டுன்னு யாரு அலையன்னு சொல்லிட்டாரு. அவரு பயத்துலயும் நியாயம் இருக்கு, 1960ல வந்த பழைய வாடகைச் சட்டத்துல கேஸு போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனையோ வருசம் இழுத்தத பாத்தவங்க அவங்க.

ஆனா அந்தப் பழைய சட்டமே இப்ப கெடையாது. 2017ல புதுச் சட்டம் போட்டு 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கு, ஓனருக்கும் குடியிருக்கவங்களுக்கும் ரெண்டு பேருக்கும் உரிமையும் பொறுப்பும் எழுதின சட்டம். எழுத்துல ஒப்பந்தம் போடணும், வாடகை அதிகாரிகிட்ட பதியணும், அந்த அதிகாரி துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் கொறையக் கூடாது, கரண்ட்டையும் தண்ணியயும் கட் பண்ணி மெரட்டக் கூடாது, ஒப்பந்த காலம் முடிஞ்சா காலி பண்ணணும், எல்லாம் அதுல உண்டு. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னும் இருக்கு, ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி எழுதிக்கிட்டா அது செல்லும்னு ஒரு சந்தும் விட்டு வச்சிருக்காங்க, அவசரத்துல வீடு தேடுதவ எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடத்தான செய்வா. நம்ம ஊர்ல இப்பவும் நடக்கது முத்திரத்தாள்ல பதினோரு மாசத்துக்கு ஒரு எழுத்து, பாதிப் பேருக்கு அதுவும் இல்ல, வாய்ப்பேச்சுதான். ஜவுளிக்கடையில நிக்கவங்க உக்கார ஸ்டூல் குடுக்கணும்னு 2021ல சட்டம் வந்துச்சு, அத எனக்குச் சொன்னது பக்கத்துக் கடைக்காரிதான், அதே மாதிரிதான் இதுவும், சட்டம் சென்னையில இருக்கு, வாடகை கோட்டாத்துல இருக்கு.

அதனால நான் கேக்கது, பூட்டிக் கெடக்க வீட்டுக்காரங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல உங்க ஆபீஸ் நிக்கணும். மாநகராட்சி சொத்துவரி கணக்குல யாரு வீடு எங்க இருக்குன்னு இருக்கு, அந்த ஓனர்களுக்கு ஒரு லெட்டர் போட்டு விருப்பம் உள்ளவங்க வீட்ட மட்டும் ஒரு லிஸ்ட் எடுங்க. திங்கக்கிழமை மனு நாள்லயே ஒரு டேபிள் போட்டு ஒப்பந்தத்த அங்கயே எழுதி பதிஞ்சு குடுங்க. காலம் முடிஞ்சா நாங்க சாவியக் குடுத்துருவோம், வீட்டுக்குச் சேதம் வந்தா இன்னாரு பொறுப்புன்னு ஓனருக்கு அரசு ஆளு முன்னாடி உறுதி கெடைச்சா துபாய்ல இருக்கவரும் தைரியமா விடுவாரு. அந்த டேபிள்ல பதியுத வீட்டுக்கு அட்வான்ஸ் மூணு மாசம்தான், வேற மாதிரி எழுதிக்கிட முடியாதுன்னு கண்டிசன் வைங்க.

அந்த மூணு மாச அட்வான்ஸே எங்களுக்குப் பெரிய தொகைதான். அத வட்டியில்லாத கடனா குடுத்தா மாசம் ஐநூறு ஆயிரம்னு கட்டி அடச்சிருவோம், இப்ப எனக்கு வர்ற உரிமைத்தொகை ஆயிரத்தயே அதுக்கு எழுதித் தரவும் தயார். வாடகைக்கு அரசு பைசா குடுக்கது புதுசு ஒண்ணும் இல்ல, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துப் பழைய குடியிருப்ப இடிச்சுக் கட்டுதப்போ அங்க உள்ள குடும்பங்களுக்கு வெளிய போய் இருக்க 24,000 ரூபாய் கருணைத்தொகை குடுக்காங்க. வாரிய வீடே இல்லாதவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல.

எல்லா திட்டத்துலயும் இதே கதைதான். கலைஞர் கனவு இல்லத்துக்கு கிராமத்துல சொந்த எடம் வேணும், டவுன்ல மானியத்துல வீடு கட்ட பட்டா வேணும், வாரிய அடுக்குமாடிக்கு பங்குத்தொகை கட்டணும். மண்ணே இல்லாதவங்க எந்த லைன்ல நிக்க? 2024 செப்டம்பர்ல தொடங்கின பிரதமரோட நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0ல வாடகை வீட்டுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, அரசு பைசாவுல கட்டி காலியா கெடக்க வீட்ட சரி பண்ணி வாடகைக்கு விடலாம், புதுசாவும் கட்டலாம், வருச வருமானம் மூணு லட்சத்துக்குள்ள உள்ளவங்களும் அதுல வருவாங்க. நம்ம மாவட்டத்துல அதுக்கு எந்த எடம் பாத்திருக்கு, யாருகிட்ட அப்ளை பண்ணணும்னு மாநகராட்சி ஆபீஸ் வாசல்ல தமிழ்ல ஒரு போர்டு வைக்கச் சொல்லுங்க.

கரண்ட் விசயமும் ஒண்ணு உண்டு. ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம்னு அரசு குடுக்கு, எங்க லைனுக்கு மொத்தமா ஒரே சர்வீஸ், உள்ள சப் மீட்டர் வச்சு முதல் யூனிட்ல இருந்தே யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குதாங்க. அந்த நூறு யூனிட் எங்க யாருக்கும் வந்து சேரல. அட்ரஸும் அப்படித்தான், ஓனர் சம்மதிக்காம ரேஷன் கார்டுலயும் ஆதார்லயும் அட்ரஸ் மாத்த முடியல, வீடு மாறின பிறகும் பழைய தெரு ரேஷன் கடைக்கே நடக்கோம். பதிஞ்ச வாடகை ஒப்பந்தம் இருந்தா அதுவே போதும், ஓனர்ட்ட லெட்டர் கேக்கக் கூடாதுன்னு தாலுகா ஆபீஸுக்கு ஒரு உத்தரவு போட்டா உதவியா இருக்கும்.

ஸ்கூல் தொறக்கதுக்கு முன்ன மே மாசத்துக்குள்ள எனக்கு வீடு அமையணும். சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு, காலி பண்ணச் சொல்லி வந்த லெட்டர் எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் இதோட வச்சிருக்கேன். மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டதுன்னு மெசேஜ் மட்டும் அனுப்பாம, யாரப் பாக்கணும், எந்த ரூமு, என்னைக்கு வரணும்னு எழுதிப் போடுங்க, வேல நாள்ல லீவு போட்டா கடையில சம்பளத்தப் பிடிச்சிருவாங்க.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஜவுளிக்கடை ஊழியர், கிருஷ்ணன்கோவில்.