லயத்துக் காம்பராவுக்கும் ஒரு குளிர்காலப் பக்கம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பேப்பர்ல குளிர் காலத்துக்கு வீட்ட எப்படி அலங்கரிக்கிறதுன்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, பிளேன்டி குடிச்சிக்கிட்டே முழுசா வாசிச்சேன். கம்பளம், மெழுகுவர்த்தி, ஜன்னலுக்கு ரெண்டடுக்கு திரைன்னு பார்க்க அழகாத்தான் இருந்திச்சு. ஆனா தகரக் கூரையப் பத்தி அதுல ஒரு வரி இல்ல, ஒரே கூரைக்குக் கீழ வரிசையா வீடு இருக்கிற எங்க லயத்துல, பத்தடிக்குப் பன்னெண்டடி காம்பராவுல, அதாவது ஒரே அறையில, அஞ்சு பேர் படுக்கிறதப் பத்தியும் இல்ல. டிசம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் நுவரெலியா மாவட்டத்து தேயிலைத் தோட்டங்கள்ல ராத்திரி பூரா நடுங்குறவங்க நாங்கதானே, எங்களுக்கும் வீடு அழகா இருக்கணும்னு ஆசை இருக்கு, அதான் எழுதுறேன்.

எங்க வீட்ல மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா செஞ்சதச் சொல்றேன். முதல்ல கூரை. வானம் வெளிச்சிருக்கிற ராத்திரியில தகரம் சீக்கிரமா சூடு விட்டுரும், விடியக்காலையில அஞ்சு பாகைக்கும் கீழ எறங்குற நாள்ல கொழுந்து மேல பூப்பனி வெள்ளையா படிஞ்சிருக்கும், வீட்டுக்குள்ள எங்க மூச்சுக் காத்தே தகரத்துல பட்டு தண்ணியாகி படுக்கையில சொட்டும். அம்மா வருஷக்கணக்கா கூரை ஒழுகுதுன்னே நினைச்சிக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு நாங்க அரிசி பேக்க பிரிச்சு கழுவி வெள்ளப் பக்கம் கீழ தெரியிற மாதிரி ஒண்ணோட ஒண்ணு தச்சு, தகரத்துக்கு ஒரு சாண் கீழ கயிறு கட்டி இழுத்து விட்டோம். சொட்டுறது பெரும்பாலும் நின்னுச்சு, பல்பு வெளிச்சம் அந்த வெள்ளையில பட்டு காம்பராவே பெருசா தெரிஞ்சிச்சு.

சுவரும் தகரமும் சேருற எடத்துல விரல் போற அளவுக்கு சந்து இருக்கும், அங்கதான் காத்து வர்றது. பழைய துணிய சுருட்டி அடைச்சோம். ஆனா அடுப்புப் பக்கத்து சந்த மட்டும் யாரும் அடைச்சிராதீங்க, புகை வெளிய போகணும். அதே மாதிரி அந்த பேக் சீலிங்க குசினிப் பக்கம் போடவே கூடாது, கரன்ட் வயர் போற எடத்துலயும் ஒரு முழம் விட்டுத்தான் கட்டணும். ஒரே கூரையில பத்து வீடு இருக்கிறதால ஒரு காம்பராவுல தீ புடிச்சா லயமே போயிரும், அத எத்தனை தடவ உங்க பேப்பர்லயே பார்த்திருக்கோம்.

தரையில முதல்ல ஒரு பொலித்தீன், அதுக்கு மேல கடையில வாங்கின கார்ட்போட் பெட்டிய பிரிச்சு ரெண்டு அடுக்கு, அதுக்கு மேல பாய். வெயில் வர்ற நாள்ல எல்லாத்தையும் தூக்கி வீட்டு முன்னால இஸ்தோப்புத் திண்ணையில காயப் போடணும், இல்லாட்டி பூஞ்சை புடிச்சி புள்ளைகளுக்கு இருமல் வந்திரும்.

கதவுத் திரைதான் எங்க வீட்டுக்கு அழகே. மாமியாரோட பழைய சிவப்பு நைலக்ஸ் சேலை ஒண்ணு பெட்டியில கெடந்துச்சு, கட்டவும் முடியாது தூக்கிப் போடவும் மனசு வராது. அத மடிச்சி உள்ள கிழிஞ்ச போர்வைய வச்சு தச்சு கதவுக்குத் தொங்க விட்டோம், மிச்சத்த நீளமா குழாய் மாதிரி தச்சு மணல் நெரப்பி கதவுக்குக் கீழ வச்சிருக்கோம். வெளிய இருந்து வர்றப்ப அந்த சிவப்பப் பார்த்தாலே ஒரு சூடு தெரியும். மாமி இப்பவும் அந்த பார்டர தடவிப் பார்த்துட்டுத்தான் உள்ள வருவாங்க.

பல்பு மாத்தினது சின்ன விஷயம்தான், வெள்ளை வெளிச்சத்துக்குப் பதிலா மஞ்சள் எல்ஈடி. புள்ளைங்க பைனஸ் காட்டுல பொறுக்கிட்டு வந்த காய்களுக்கு வெள்ளை பெயின்ட் பூசி கிறிஸ்மஸுக்கு ஜன்னல்ல கட்டினாங்க, பொங்கலும் வந்திருச்சு, இன்னும் கழட்ட விடல. ஜேம் போத்தல்ல ரெண்டு டேலியா வச்சா போதும். போர்வையும் ஸ்வெட்டரும் நுவரெலியா பேல் பஜார்ல வாங்கினது. அது போக பல்பு, கயிறு, நூல், பொலித்தீன் எல்லாம் சேர்த்து ரெண்டு நாள் பேரு காசுக்குள்ள முடிஞ்சிச்சு, பேருன்னா ஒரு நாள் வேலைக் கூலி, 2024-ல ஒரு பேருக்கு அடிப்படைச் சம்பளம் 1350 ரூவான்னு ஆச்சே, அந்தக் கணக்குல சொல்றேன்.

இப்ப முக்கியமானத சொல்லணும். முந்தின வருஷம் ஒரு ராத்திரி குளிர் தாங்காம கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடிய வெட்டி விட்டப்ப கெடைச்ச குச்சி, எரிச்ச தணல சட்டியில அள்ளி படுக்குற காம்பராவுல வச்சு கதவ சாத்திட்டோம். சந்தெல்லாம் நல்லா அடைச்சிருந்தோமே, அதுதான் ஆபத்தாயிருச்சு. நடுராத்திரி சின்ன மக தலை வெடிக்குதுன்னு அழுது வாந்தி எடுத்தா, எனக்கு எந்திரிக்கவே கால் வரல, எங்க வீட்டுக்காரரு எப்படியோ கதவ தெறந்துட்டாரு. தணல்ல இருந்து வர்ற காபனோரொட்சைட்டுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, தூக்கத்துலயே ஆள கொன்னுரும்னு பெரிய மகதான் ஸ்கூல்ல படிச்சத சொன்னா. அன்னையில இருந்து தணல் குசினிய விட்டு வர்றதில்ல. பார்மசியில விக்கிற ரப்பர் சுடுதண்ணி பேக்க பழைய டவல்ல சுத்தி போர்வைக்குள்ள வச்சிக்கிறோம், அதுலயும் கொதிக்கிற தண்ணிய ஊத்தக் கூடாது.

ஐயா, இத உங்க பேப்பர்ல ஒரு முழுப் பக்கமா போடணும், படத்தோட போடணும், தணல் விஷயத்த மேலயே போடணும். அதுவும் தீபாவளிக்கு முன்னுக்கே வரணும், ஏன்னா தோட்டத்துல தீபாவளிக்குக் குடுக்கிற அட்வான்ஸ் காசு கையில இருக்கிற நேரம்தான் எங்க ஆளுங்க நாலு சாமான் வாங்குவாங்க, டிசம்பர்ல சொன்னா கையில ஒண்ணும் இருக்காது. எழுத்த கொஞ்சம் பெருசா போடுங்க, எங்க லயத்துல கண்ணாடி இல்லாம பேப்பர் வாசிக்கிற பாட்டிங்க நெறைய பேர் இருக்காங்க.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு வாசகி