பிளைஷீட் தைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ தைத்த பிளைஷீட், அதான் கூடாரத்துக்கு மேலே போடும் மழைத்துணி, கிழிந்துவிட்டது என்று வாட்சப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணியில் குறையே இல்லை. தையல் ஓடிய கோட்டிலேயேதான் விட்டிருக்கிறது. நான் ரவிக்கைக்குப் பொடித் தையல் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன், நெருக்கிப் போட்டால் கெட்டி என்று நினைத்திருப்பாய். இது மாதிரி சிலிக்கோன் பூசிய மெல்லிய நைலானில் ஊசி குத்திய ஓட்டை அப்படியே நிற்கும். கிட்டக்கிட்டக் குத்தினால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு வை.

ஊசி புதிதாக இருக்கட்டும். 70 அல்லது 80 நம்பர், கூர்முனை. குண்டூசியைத் தையலுக்கு வெளியே விடும் ஓரத்துக்குள் மட்டும் குத்து. நூல் பாலியஸ்டர்தான். பருத்தி நூல் நனைந்து நனைந்து இற்றுவிடும். கோத்தா கினபாலு மழை உனக்குத் தெரியாததா!

நடு மூட்டுக்கு, உன் ஜீன்ஸ் காலின் உட்பக்கத்தைப் பார், அதே முறை. இரண்டு துண்டையும் சேர்த்து ஒரு தையல் ஓட்டு. ஒரு ஓரத்தைப் பாதியாக வெட்டி, மற்றதை அதன்மேல் சுற்றி மடித்து, ஒரே பக்கமாகப் படியவைத்து மேலே இன்னொரு தையல். வெட்டிய ஓரம் உள்ளே போய்விடும், இழுவையும் இரண்டு தையலுக்கும் பிரியும். மடிப்பின் வாய் சரிவில் கீழே பார்க்கட்டும், மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கும்.

இந்தத் துணி வழுக்கும். தொடக்கத்தில் மெஷின் தகட்டில் ஊசி இறங்கும் துவாரத்துக்குள் துணியை இழுத்துக்கொண்டு போகும், எனக்கே எரிச்சல் வரும். நூல் முனை இரண்டையும் பின்னால் பிடித்துக்கொண்டு ஆரம்பி. அப்புறம் முன்னும் பின்னும் கை வைத்துத் துணியை விறைப்பாக ஓடவிடு, பிடித்து இழுக்காதே, ஊசி வளைந்துவிடும்.

கயிறு கட்டும் மூலைகளில் அதே துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்து, அதன்மேல் நாடா வளையம் போடு. பல அடுக்கு சேர்வதால் நாடாமேல் மட்டும் தையலை நெருக்கலாம்.

கடைசியில் மூட்டுக்குப் பசை பூசு. சிலிக்கோன் துணியில் சிலிக்கோன் பசைதான் ஒட்டும். ஒட்டு டேப்பெல்லாம் உரிந்துவிடும். பசையைப் பெயின்ட் இளக்கும் ஒயிட் ஸ்பிரிட்டில் இளக்கி, பழைய பிரஷ்ஷால் மெல்லியதாகத் தடவு. சன்னலைத் திறந்து வை, வாடை தலைக்கு ஏறும்.

லெபோ பசாரில் நல்ல நூல் வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கு அனுப்புகிறேன். முதலில் மிச்சத் துண்டில் தைத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துப் படம் அனுப்பு. மூலை மட்டும் உன் மெஷினுக்குக் கனமாக இருந்தால் விட்டுவை, தீபாவளிக்குப் பினாங்கு வரும்போது நான் அடித்துத் தருகிறேன்.

அம்மா