ஆய்வகக் கோட்டில் துணி முக்கியம்

ஆசிரியருக்கு,

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் மாதங்களில் பருத்திக் கோட் துவைத்தால் இரண்டு நாளாகியும் காய்வதில்லை. அதனால் பிள்ளைகள் சீக்கிரம் உலரும் பாலியஸ்டர் கோட்டையே வாங்குகிறார்கள். இது ஆபத்து. தீப்பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி உருகாது. ஆளுக்கொரு கோட் வாங்கச் சொல்வதைவிட, பள்ளியே ஒரு பேட்சுக்குத் தேவையான பருத்திக் கோட்டுகளை ஆய்வகத்தில் மாட்டி வைக்கலாம். நூல் பொத்தானைவிட அழுத்துப் பொத்தான் நல்லது. அமிலம் கொட்டினால் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். துப்பட்டாவும் பின்னலும் கோட்டுக்குள் போக வேண்டும். செருப்பு கூடாது, மூடிய ஷூதான்.

பார்வைக் கண்ணாடி போட்டிருப்பவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி தேவை, பக்கவாட்டில் தெறிப்பதைப் பார்வைக் கண்ணாடி தடுக்காது. கல்லூரிகளில் சோடிய உருக்குச் சோதனையைக் கவனியுங்கள். கரிமச் சேர்மத்தில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று அறிய, அதைச் சிறு கண்ணாடிக் குழாயில் சோடியத்தோடு சேர்த்துச் சூடாக்குவார்கள். செக்கச்செவேலென்று காய்ந்த குழாயைப் பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டதும் கண்ணாடி நொறுங்கும், மிஞ்சிய சோடியம் தீப்பிடிக்கும். உடனே கம்பி வலையால் மூடாவிட்டால் சில்லு முகத்துக்கு வரும். சாரல் நாளில் சோடியத்தை ஈரக்கையால் தொடவே கூடாது. இடுக்கியால் எடுத்து, அது ஊறியிருந்த மண்ணெண்ணெயை வடிதாளில் ஒற்றி உடனே பயன்படுத்த வேண்டும்.

கையுறை போட்டுக்கொண்டு சுடருக்கு அருகில் வேலை செய்வதும் தவறு, மெல்லிய ரப்பர் உருகி விரலில் ஒட்டிக்கொள்ளும்.

கண்ணில் காரம் (அல்கலி) பட்டால் குறைந்தது 15 நிமிடம் இமையை விரித்து ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஆனால் பல ஆய்வகங்களில் குழாயில் தண்ணீரே வருவதில்லை. செய்முறைத் தேர்வுக்கு முன் அதையாவது சரிசெய்யுங்கள்.

வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
செங்கோட்டை