எட்டு மடங்கு வேகம் தேடியவனின் நன்றி மடல்

செந்தூல் அண்ணனுக்கும் பட்டர்வொர்த் தம்பிக்கும் மேல்மாடி அக்காவுக்கும் வணக்கம்.

பிரிக்பீல்ட்ஸ் பையன்களுக்குத் தருவதாகச் சொன்ன ஒப்பீடு ஒருவழியாக முடிந்தது: லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகளை வேகமாக ஓட்ட உதவும் ஈசிங்க், எஃப்சிங்க், என்டிசிங்க் என்ற மூன்று வழிகளில் எது மேல் என்று. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதும் பழைய மடிக்கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியவர்கள் அவர்கள். "எந்த சிங்க் போட்டா கேம் வேகமா ஓடும்ணே?" என்று கேட்டார்கள். நீங்கள் மூவரும் இல்லையென்றால் தப்பான பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

அண்ணே, அந்த மாமாக் கடை ராத்திரியை மறக்க மாட்டேன். விண்டோஸ் விளையாட்டில் பல இழைகள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் துண்டுகள், ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைனில், இந்த சிங்க் எதுவும் இல்லாவிட்டால், அந்தக் காத்திருப்பு ஒவ்வொன்றும் வைன்சர்வர் என்ற ஒரே செயல்முறையிடம் போய்த் திரும்ப வேண்டும். "இத்தனை மேசைக்கும் பில் போட ஒரே ஆளு, பாத்துக்கோ" என்று கல்லாவைக் காட்டினீர்கள். 2018இல் வந்த ஈசிங்க், ஈவென்ட்எஃப்டி என்ற லினக்ஸ் வசதியை வைத்து அந்த ஆளைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆனால் காத்திருப்புக்கான ஒவ்வொரு பொருளும் ஒரு கோப்பு விவரிப்பானை, அதாவது திறந்த கோப்புக்கு லினக்ஸ் தரும் எண்ணை, தின்னும், அதனால் உச்சவரம்பை 524,288 வரை ஏற்றிவிட வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த எஃப்சிங்க் ஃபியூடெக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸ் வசதியில் ஓடுவதால் அந்தத் தொல்லை இல்லை. அதற்குத் தேவையான வசதி லினக்ஸின் மையமான கருவிலேயே (கெர்னல்) 5.16 பதிப்பில் சேர்ந்துவிட்டது. இரண்டுமே விண்டோஸின் நடத்தையை அச்சு அசலாகக் காட்டுவதில்லை, குறிப்பாகப் பல பொருள்களுக்காக ஒரே நேரத்தில் காத்திருக்கும் இடத்தில். அந்த வேலையைக் கருவுக்குள்ளேயே சரியாகச் செய்வதுதான் 2025இல் கருவின் 6.14 பதிப்புடன் முழுமையான என்டிசிங்க். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் என் ரொட்டி சானாய் தோல் செருப்பாகிவிட்டது.

அப்புறம் அந்த 678 விழுக்காடு! டர்ட் 3 விளையாட்டு விநாடிக்கு 110.6 சட்டகத்திலிருந்து (ஃபிரேம்) 860.7க்குத் தாவியது என்று என்டிசிங்க்கை எழுதியவர்களே கொடுத்த கணக்கு. அதைத் தலைப்பிலேயே போட்டிருந்தேன். "எதோட ஒப்பிட்டாங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டீர்கள். போய்ப் படித்தால், வெறும் வைனோடு. ஈசிங்க்கும் இல்லை, எஃப்சிங்க்கும் இல்லை. ஸ்டீமுக்காக வைனை வைத்துச் செய்த புரோட்டானில் விளையாடும் பையன்கள் ஏற்கெனவே எஃப்சிங்க்கில்தான் இருக்கிறார்கள்.

தம்பி, நீ பாயான் லெப்பாஸ் ஆலையில் இரவு வேலையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாயே, "அண்ணே, டெவ் அடைவுல என்டிசிங்க் இருக்கான்னு பாத்தீங்களா?" என்று? இல்லை. என்டிசிங்க்குக்கான கருவின் கூறு ஏற்றப்படவே இல்லை. அந்த அடைவில் அதன் சாதனக் கோப்பு கிடைக்காவிட்டால் புரோட்டான் சத்தமில்லாமல் எஃப்சிங்க்குக்குப் போய்விடுகிறது. இரண்டு நாள் முழுக்க எஃப்சிங்க்கை எஃப்சிங்க்கோடு ஒப்பிட்டு, "என்டிசிங்க் கொஞ்சம் மேல்" என்று குறித்து வைத்திருந்தேன். அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை, புத்தி வரட்டும் என்று.

அந்தக் "கொஞ்சம்" எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தது அக்கா. மத்தியான வெக்கையில் என் அறையில் எதை முதலில் ஓட்டினாலும் அதுதான் ஜெயித்தது. அடுத்ததற்குள் மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "அடுப்பு மேல வச்சு எடை போட்டா எப்படிப்பா?" என்று சொல்லி, மூன்று இரவு உங்கள் ஏர்கான் அறையை விட்டுக் கொடுத்தீர்கள், மைலோவும் கலக்கிக் கொடுத்து. வரிசையை மாற்றி மாற்றி ஓட்டி, சட்டக வேகத்தை அளக்கும் மாங்கோஹட்டில் சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஆன நேரத்தைப் பார்த்தேன்.

பையன்களுக்குச் சொன்னது இதுதான்: வெறும் வைன் திணறுகிறது. மற்ற மூன்றில் எது ஓடுகிறது என்று என் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் சொல்லத் தெரியாது. இழைகள் அதிகம் மோதிக்கொள்ளும் விளையாட்டாக இருந்தால் என்டிசிங்க்கைப் போட்டுப் பாருங்கள், எஃப்சிங்க்கில் நன்றாக ஓடுவதை நோண்டாதீர்கள். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அக்கா, உங்கள் நீட்டிப்பு வயரும் மைலோ குவளையும் என்னிடமே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும் மேலே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
கீழ்மாடித் தம்பி