தேர்தலில் நில்லு, கேம்ப் மட்டும் வேண்டாம்

எய்யா,

கவுன்சிலர் தேர்தலுக்கு உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் லண்டனில் எப்படி நிற்க முடியும் என்று எதிர்வீட்டு சார் கேட்டதற்கு, காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு அங்கே அந்த உரிமை உண்டாக்கும் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். சரி, நில்லு. ஆனால் ஆபரேஷன் கத்தியைக் கீழே போட்டுவிடாதே. நீ அடிக்கடி சொல்லும் லண்டன் சர்ஜன் ஆரா டார்ஸி பாக்தாத்தில் பிறந்தவர்தானே, 2007-ல் சுகாதாரத் துறையில் அமைச்சரான பிறகும் ஆபரேஷன் செய்வதை விடவில்லையே. அந்த வருஷமே பிரபுக்கள் சபையில் பேசி முடித்த ஓர் உறுப்பினர் சரிந்து விழ, இவர்தான் ஓடிப்போய் நெஞ்சை அமுக்கி, ஷாக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். அமைச்சர் என்றால் அப்படி இருக்கணும்!

கேம்ப் விஷயத்தில்தான் எனக்குச் சம்மதமில்லை. மூன்று நாள் வந்து ஊர்க்காரர்களுக்கெல்லாம் ஹெர்னியா, அதான் குடலிறக்க ஆபரேஷன் செய்துவிட்டுப் போகிறேன் என்கிறாய். காலமெல்லாம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக நின்றவள் கேட்கிறேன், ஐந்தாம் நாள் தையல் சிவந்து, அமுக்கினால் சீழ் கசியுமே, அதை யார் பார்ப்பது? வாழைத்தார் லோடு ஏற்றுகிறவனிடம் கனம் தூக்காதே என்றால் கேட்பானா, வீட்டில் உலை வைக்கணுமே, புண் ஆறுமுன்னே லாரியில் ஏறிவிடுவான். அப்புறம் நடுராத்திரி காய்ச்சலோடு ஹைகிரவுண்டு கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் போய் நிற்பான். அங்கே டியூட்டியில் இருக்கிற சின்னப்பிள்ளை, உள்ளே என்ன வலை (மெஷ்) வைத்தார்கள், யார் வைத்தார்கள் என்று ஒரு சீட்டுகூட இல்லாமல் முழிக்கும்.

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சோமர்வெல் 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போனவர், அப்படியே தெற்கே சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் அந்த ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையே வேண்டாம் என்று இங்கே வந்துவிட்டார். உன்னை அப்படி வரச் சொல்லவில்லை, பேரப்பிள்ளைகள் படிப்பு இருக்கிறது. கேம்புக்கு ஒதுக்கின பணத்தில் ஒரு நர்ஸுக்குச் சம்பளம் கொடு. ஆபரேஷனை இங்கத்தி டாக்டர்களே செய்யட்டும், வீடு வீடாகப் போய்த் தையலைப் பார்க்க அவள் இருப்பாள். நீ லீவில் வரும்போது அந்த டாக்டர்களோடு தியேட்டரில் நின்று, உனக்குத் தெரிந்த லேப்ராஸ்கோப்பியை, சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனைச் சொல்லிக்கொடு.

உன் சித்தப்பா அதற்குள் பிளக்ஸ் அடிக்க ஆள் பார்த்துவிட்டார், உன் படத்தைவிட அவர் படம் பெரிசு. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் போன் பண்ணினால் கேம்ப் தேதி எதுவும் சொல்லிவிடாதே.

அம்மா