சுங்கை பூலோ நண்பர்களுக்கு நன்றி மடல்

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தின் தொண்டூழியர்களுக்கும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஈசூனிலிருந்து எங்கள் அடுக்குமாடி புளோக் பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் ஒன்றாக உங்களிடம் வந்திருந்தோம். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி வழிகாட்டிய தொண்டூழியர் அக்காவுக்கு. கண்டல் மரங்களுக்கு நடுவே போகும் பலகைப் பாதையில் பிள்ளைகளோடு குந்தி உட்கார்ந்து, "கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க, சேற்றை மட்டும் பாருங்க" என்றீர்கள். வெறும் சேறாகத் தெரிந்த இடம் மெல்ல அசையத் தொடங்கியது. கண்கள் இரண்டும் தலைமேல் துருத்திய ஒரு சேற்றுத் துள்ளி மீன், முன் துடுப்புகளை ஊன்றி வேர்மேல் ஏறியது. பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்மேடு. சேற்று லாப்ஸ்டர் அடிமண்ணைத் தோண்டி மேலே தள்ளித் தள்ளி எழுப்பியது அது என்றும், அந்த மேட்டை நண்டும் எறும்பும்கூட வீடாக்கிக்கொள்கின்றன என்றும் சொன்னீர்கள். பிள்ளைகளுக்கு அங்கிருந்து எழ மனமே வரவில்லை.

பறவைகளை ஒளிந்திருந்து பார்க்கும் மறைவிடத்தில் ஓர் உள்ளான் பறவையைக் கண்டதும் என் மாமியார், "இது எங்க ஊரு உள்ளானாச்சே! வேதாரண்யத்துல மார்கழியில கூட்டங்கூட்டமா வந்து இறங்குமே" என்றார். வேறொருவராக இருந்தால் சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்பார். நீங்கள், "அப்படியாம்மா, எந்த மாதிரி இடத்துல இறங்கும், பிள்ளைங்களுக்குச் சொல்லுங்களேன்" என்று ஒதுங்கி நின்றீர்கள். உப்பளத்தையும் கோடியக்கரையையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் பற்றி அவர் பேசப் பேச, பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். சிங்கப்பூருக்கு வந்ததிலிருந்து அவர் இவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் கேட்டதில்லை. இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, அக்கா.

குளத்தின் மதகை விளக்கிய ஊழியர் தம்பிக்கும் நன்றி. கடல்நீர் ஏறும்போது மண்டாய்ப் பக்கத்துச் சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடும். அங்கே இரை தேடிய உள்ளான்களும் உப்புக்கொத்திப் பறவைகளும் இளைப்பாற இங்கே வரும். முன்பு இறால் பண்ணையாக இருந்த குளங்களில், அவை கால் ஊன்றி நிற்குமளவுக்கு மதகு வழியாக நீர்மட்டத்தைக் குறைத்து வைக்கிறீர்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். இயற்கையை அப்படியே விட்டால் போதும் என்று எண்ணியிருந்த எங்களில் பலருக்கு இது புதுப்பாடம். முதலை தலைகாட்டியபோது யாரையும் பயமுறுத்தாமல் பின்னுக்கு அழைத்துச் சென்றவரும் அவர்தான்.

முக்காலியில் தொலைநோக்கி வைத்திருந்த சீனப் பெரியவர் எங்கள் குழுவுக்குச் சம்பந்தமே இல்லாதவர். ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையின் உயரத்துக்கும் முக்காலியை இறக்கி ஏற்றிக் காட்டினார். அங்கிள், உங்களுக்கு எங்கள் வணக்கம். முதியவர்களுக்காகப் பொறுமையாகக் காத்திருந்த பேருந்து ஓட்டுநருக்கும் நன்றி.

இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1986இல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் இந்த இடத்தின் அருமையைக் கண்டறிந்து, இதைக் காக்க வேண்டும் என்று அரசிடம் எடுத்துரைத்தார்கள். 1993இல் இது பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டர் பரப்புடன் சட்டப்படி இயற்கைக் காப்பகமானது. நிலத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடுள்ள நாட்டில், சேற்றுக்கும் பறவைக்கும் இடம் கேட்க எவ்வளவு துணிவு வேண்டும்! அவர்களையும் அதற்குச் செவிசாய்த்தவர்களையும் நன்றியோடு நினைக்கிறோம்.

தமிழில் விளக்க ஆள் குறைவு என்று அக்கா சொன்னார். எங்கள் புளோக்கிலிருந்து இருவர் தொண்டூழியப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். விவரம் சொன்னால் உடனே வருவார்கள். செப்டம்பரில் வலசைப் பறவைகள் இங்கே திரும்பி வரத் தொடங்கியதும் அடுத்த குழுவோடு நாங்களும் வருகிறோம்.

அன்புடன்,
ஈசூன் புளோக் குடும்பங்களின் சார்பில்
ஒரு தாய்